ஊதினால் தெரியாத போதை

இரவு பத்து மணிக்கு மேல் மேம்பாலத்தடியில் தடுப்பு வைத்து நிற்கும் போக்குவரத்துக் காவலர் குழாயை நீட்டி "ஊது" என்கிறார். ஊதியவர் குடித்திருந்தால் திரையில் ஓர் எண் வருகிறது. ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டியிருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு பாயும். "ஒரே ஒரு பீர்தான் சார்" என்ற கெஞ்சலுக்கு அந்த எண்ணிடம் மரியாதை கிடையாது.

அடுத்து நிற்பவர் மதுவைத் தொடாதவர். ஆனால் அரை மணி நேரத்துக்கு முன்னால் கஞ்சா பிடித்தவர். அவரும் ஊதுகிறார். கருவி பூஜ்யம் காட்டுகிறது. வண்டி கிளம்பிவிடுகிறது.

கஞ்சாவுக்கும் அப்படி ஒரு குழாய் ஏன் இல்லை? பலருக்கும் தோன்றியிருக்கும் கேள்விதான் இது. 185-ஆம் பிரிவு போதைப்பொருளையும் விட்டுவிடவில்லை. வண்டியைச் சரிவரக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு அதன் பிடியில் இருந்தால் குற்றம் என்கிறது. அளவு எவ்வளவு என்று மட்டும் சொல்லவில்லை. நம் நாட்டில் கஞ்சாவை வைத்திருப்பதே குற்றம் என்பதால் இந்தக் கேள்வியின் கூர்மை வெளியே தெரிவதில்லை. கனடாவுக்கு அந்த வசதி இல்லை. 2018 அக்டோபர் 17 முதல் அங்கே கஞ்சா சட்டப்படி கடையில் கிடைக்கிறது. வாங்குவது குற்றமில்லை, பிடிப்பது குற்றமில்லை, போதையில் ஓட்டுவது குற்றம். அப்படியானால் போதை எங்கே தொடங்குகிறது என்று ஒரு கோடு கிழித்தாக வேண்டும். கனடா கிழித்தது. அந்தக் கோட்டின் கதைதான் இந்த அத்தியாயம்.

ஆல்கஹால் என்ற நல்ல பிள்ளை

முதலில் மதுவைக் கொஞ்சம் பாராட்டிவிடலாம். குடிப்பதற்காக அல்ல, அளப்பதற்கு அது இவ்வளவு ஒத்துழைக்கிறதே என்பதற்காக.

ஆல்கஹால் தண்ணீரில் கரையும் சின்ன மூலக்கூறு. நம் உடலில் பாதிக்கு மேல் தண்ணீர். எனவே குடித்த சிறிது நேரத்தில் அது ரத்தத்திலும் மூளையிலும் ஏறக்குறைய ஒரே சீராகப் பரவிவிடுகிறது. ரத்தத்தில் இருப்பதை அளந்தால் மூளையில் இருப்பதை அளந்த மாதிரி. நுரையீரலில் ரத்தமும் காற்றும் உரசிக்கொள்ளும் இடத்தில் அது ஆவியாகி மூச்சிலும் கலக்கிறது. சுமார் 2,100 மில்லிலிட்டர் மூச்சில் இருக்கும் ஆல்கஹால், ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் இருப்பதற்குச் சமம் என்ற கணக்கு பெரும்பாலும் தவறுவதில்லை. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் 1954-இல் உருவாக்கிய மூச்சுக்கருவி இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

இன்னொரு நல்ல குணமும் உண்டு. கல்லீரல் ஆல்கஹாலை ஏறக்குறைய ஒரே வேகத்தில் எரிக்கிறது. மணிக்கு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 15 மில்லிகிராம் அளவுக்குக் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்பது மணிக்குப் பிடிபட்டவரிடம் பதினோரு மணிக்கு ரத்தம் எடுத்து 70 என்று வந்தால், ஒன்பது மணிக்கு அது 100-ஐ ஒட்டி இருந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட முடியும்.

எண்ணுக்கும் விபத்துக்கும் உள்ள உறவையும் போர்க்கன்ஸ்டைனே தேடிப் போனார். 1960-களின் தொடக்கத்தில் மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில், விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களையும் சிக்காமல் போய்க்கொண்டிருந்த ஓட்டுநர்களையும் ஆயிரக்கணக்கில் ஊதச் சொல்லி ஒப்பிட்டார்கள். ஆல்கஹால் ஏற ஏற ஆபத்தும் ஏறியது. ஒரு கட்டத்துக்கு மேல் செங்குத்தாக ஏறியது. பிரிட்டன் 1967-இல் 80 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தபோது அதன் பின்னால் இந்த வரைபடம் இருந்தது. கஞ்சாவுக்குச் சட்டம் எழுத உட்கார்ந்தவர்கள் இதே மாதிரி ஒரு வரைபடம் கிடைக்கும் என்றுதான் எதிர்பார்த்தார்கள்.

எண்ணெயில் கரையும் போதை

கஞ்சாவில் போதை தரும் பொருளின் பெயர் டெட்ராஹைட்ரோகன்னாபினால். சுருக்கமாக டிஎச்சி. அதற்குத் தண்ணீர் ஆகாது, கொழுப்புதான் பிடிக்கும். மற்ற எல்லாச் சிக்கலும் இந்த ஒரு குணத்திலிருந்து கிளைக்கிறவை.

புகையை இழுத்த சில நொடிகளில் டிஎச்சி ரத்தத்தில் ஏறுகிறது. பத்து நிமிடத்துக்குள் உச்சம். அந்த உச்சம் மில்லிலிட்டருக்கு 100 நானோகிராமைத் தாண்டுவதும் உண்டு. நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆனால் ரத்தத்தின் தண்ணீரில் அது தங்குவதில்லை. மூளைக்கும் கொழுப்புத் திசுக்களுக்கும் தாவிவிடுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் ரத்த அளவில் பெரும்பகுதி காலி. போதை அதற்குள் போய்விடுமா? போகாது. போதையின் உச்சம் ரத்த உச்சத்துக்குப் பிந்தித்தான் வருகிறது. சில மணி நேரம் நீடிக்கவும் செய்கிறது. அதாவது ரத்தத்தில் எண் சரிந்துகொண்டிருக்கும் நேரத்தில்தான் ஓட்டுநரின் தலை நன்றாகச் சுழல்கிறது.

தினமும் பிடிப்பவர் கதை வேறு. அவர் உடல் கொழுப்பில் டிஎச்சி நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகிறது. எண்ணெய் ஊறிய மண்சட்டியை எத்தனை முறை கழுவினாலும் அடுப்பில் வைத்ததும் கசியுமே, அப்படி அந்தச் சேமிப்பு ரத்தத்துக்குள் மெல்லக் கசிகிறது. பல ஆண்டுகள் தினமும் பிடித்தவர்களை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, கஞ்சாவே கொடுக்காமல், நாள்தோறும் ரத்தம் எடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2013-இல் வெளியானது. சிலரின் ரத்தத்தில் ஒரு மாதம் கழித்தும் டிஎச்சி தென்பட்டது.

அளவின் நுணுக்கத்தையும் பார்த்துவிடலாம். 80 மில்லிகிராம் என்ற மது வரம்பை மில்லிலிட்டருக்கு மாற்றினால் எட்டு லட்சம் நானோகிராம். கஞ்சாவுக்குச் சட்டங்கள் தேடச் சொல்வது 5 நானோகிராம். ஒரு லட்சத்து அறுபதாயிரம் மடங்கு குறைவு. சட்டைப்பையில் அடங்கும் கருவி மூச்சில் இதைப் பிடிக்கவில்லை என்றால் கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒண்டாரியோவில் ஒரு சனிக்கிழமை

கனடா எழுதிய வரம்பு இது. ஓட்டி முடித்த இரண்டு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் 2 நானோகிராம் முதல் 5-க்குக் கீழ் வரை இருந்தால் ஆயிரம் டாலர் வரை அபராதம். 5-ம் அதற்கு மேலும் என்றால் கடுமையான குற்றம்: முதல் முறை குறைந்தது ஆயிரம் டாலர், இரண்டாம் முறை குறைந்தது 30 நாள் சிறை, மூன்றாம் முறை 120 நாள். மதுவும் கஞ்சாவும் கலந்திருந்தால் 50 மில்லிகிராமும் 2.5 நானோகிராமும் சேர்ந்தாலே கடுமையான குற்றம். இரண்டும் சேரும்போது கேடு கூடுகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய சண்டை இல்லை.

இந்த வரம்பை அங்கே ஒண்டாரியோ மாகாணத்தில் இரண்டு கற்பனை மனிதர்கள் மேல் ஓட்டிப் பார்ப்போம். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை. ஆனால் ஆய்வுக்கூடங்களில் பார்க்கப்பட்ட எல்லைக்குள் அடங்குபவை.

கோபி எப்போதாவது பிடிப்பவர். சனிக்கிழமை இரவு நண்பர் வீட்டில் எட்டரை மணிக்கு ஒரு சுருட்டைப் பற்றவைத்து எட்டு நாற்பதுக்கு முடிக்கிறார். ரத்தத்தில் அப்போது 100 நானோகிராம். எட்டு ஐம்பதுக்குக் காரை எடுக்கிறார். ஒன்பது மணிக்கு நெடுஞ்சாலையில் கார் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைகிறது. பின்னால் வந்த போலீஸ் வாகனம் விளக்கைப் போடுகிறது. ஒன்பது மணிக்கு அவர் ரத்தத்தில் 40 இருக்கலாம். ஆனால் அந்த நொடியில் யாரும் ஊசி போடுவதில்லை. முதலில் விசாரணை. பிறகு நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் ஒரு குச்சியைத் தடவி எச்சில் சோதனை. பிறகு வண்டியை ஓரங்கட்டி, ஆளை அழைத்துப்போய், தகுதி பெற்ற ஒருவர் வந்து ரத்தம் எடுக்கும்போது மணி பத்தரை. இப்போது 3 நானோகிராம். கோபி சின்னக் குற்றத்தோடு தப்புகிறார்.

மணி தினமும் பிடிப்பவர், பல ஆண்டுப் பழக்கம். வெள்ளி இரவு பதினோரு மணிக்குக் கடைசியாகப் பிடித்துவிட்டுத் தூங்கினார். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பால் வாங்கப் போகிறார். பதினாறு மணி நேரம் ஆயிற்று. தலை தெளிவாக இருக்கிறது, கோட்டை விட்டுக் கார் விலகவில்லை. ஆனால் சட்டைக் காலரில் பழைய புகை நாற்றம். வழியில் நிறுத்திய அதிகாரிக்குச் சந்தேகம். அதே நடைமுறை, அதே ஊசி. ரத்தத்தில் 5.5 நானோகிராம். பெரிய குற்றம். குற்றப்பதிவும் ஒட்டிக்கொள்கிறது.

மதுவில் செய்த மாதிரி பின்னோக்கிக் கணக்குப் போட்டு கோபியின் 3-ஐ 40-ஆக்க முடியாதா? முடியாது. டிஎச்சி முதலில் பள்ளத்தாக்காகச் சரிந்து, பிறகு பல நாள் தரையோடு தவழ்கிறது. 3 என்ற எண்ணைப் பார்த்து அது கோபியின் நூற்றுப்பத்தாவது நிமிடமா, மணியின் இரண்டாவது நாளா என்று ரத்தம் மட்டும் சொல்லாது.

மூன்றாவதாக ஒருவரையும் சேர்த்துவிடலாம்: கஞ்சா கலந்த மிட்டாய் தின்றவர். 2019 முதல் கனடாவில் அதுவும் சட்டப்படி விற்கிறது, ஒரு பொட்டலத்துக்கு 10 மில்லிகிராம் டிஎச்சிக்கு மேல் கூடாது. தின்ற டிஎச்சி குடல், கல்லீரல் வழியாக மெதுவாக வருகிறது. ரத்த உச்சமும் தாழ்ந்திருக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட சோதனையில் 50 மில்லிகிராம் தின்றவர்களின் சராசரி உச்சமே 5 நானோகிராமைத் தொடவில்லை. போதை மட்டும் நன்றாகவே ஏறியிருந்தது.

5 எங்கிருந்து வந்தது?

வாஷிங்டன் மாநிலத்தில் 2012 நவம்பரில் மக்கள் வாக்களித்துக் கஞ்சாவைச் சட்டப்படி ஆக்கினார்கள். அந்த மசோதாவிலேயே 5 நானோகிராம் வரம்பும் இருந்தது. சாலையை நினைத்துப் பயந்த வாக்காளருக்கு ஓர் ஆறுதல். அடுத்த ஆண்டு கொலராடோவும் அதே 5-ஐ எடுத்துக்கொண்டது. 2007-இல் ஒரு நிபுணர் குழு சொன்ன பரிந்துரைக்கு இது பக்கத்தில் வருகிறது என்பது உண்மை. ஆனால் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கத்தின் ஆய்வு அறக்கட்டளை 2016-இல் கைதான ஓட்டுநர்களின் ரத்தக் கணக்கையும் அவர்களின் தள்ளாட்டக் கணக்கையும் ஒப்பிட்டுவிட்டு, அறிவியல் ஆதாரத்தோடு ஒரு தனி வரம்பை வைக்க முடியாது என்று சொல்லிவிட்டது.

ஒரே எண்ணைச் சொன்னாலும் ஒரே பொருளைச் சொல்வதாகாது. ஜெர்மனி கஞ்சாவை அனுமதித்தபின் 2024 ஆகஸ்டில் தன் வரம்பை 1-இலிருந்து 3.5 நானோகிராமாக உயர்த்தியது. கனடாவின் 2-ஐ விடத் தாராளம் என்று தோன்றும். ஜெர்மனி அளப்பது முழு ரத்தத்தை அல்ல, ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் ஊநீரை. டிஎச்சி ரத்த அணுக்களுக்குள் அதிகம் நுழைவதில்லை என்பதால் ஊநீரில் அது சுமார் இரண்டு மடங்கு அடர்த்தி. முழு ரத்தத்துக்கு மாற்றினால் ஜெர்மனியின் 3.5 கனடாவின் 2-க்குக் கீழே போய்விடுகிறது. நாடுகளின் வரம்புகளை அட்டவணை போட்டு ஒப்பிடும் கட்டுரைகளைப் படிக்கும்போது இந்த ஒரு விஷயத்தை மட்டும் தேடிப் பாருங்கள்; பலவற்றில் இருக்காது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் எண் தகராறுக்கே போகவில்லை. 2004 இறுதியில் சாலையோர எச்சில் சோதனையைத் தொடங்கியது. எச்சிலில் டிஎச்சி இருந்தால் குற்றம், அவ்வளவுதான். வேகமான முறை, மலிவான முறை. ஆனால் எச்சிலில் கிடைப்பதில் பெரும்பகுதி ரத்தத்திலிருந்து வந்ததல்ல, புகை வாயில் விட்டுப்போன மிச்சம். அண்மையில் வாயருகே கஞ்சா போனது என்பதற்கு அது நல்ல சாட்சி. தலைக்குள் என்ன நடக்கிறது என்பதற்குச் சாட்சி அல்ல. மருத்துவர் சீட்டோடு கஞ்சா எண்ணெய் எடுக்கும் நோயாளிகளும் அதில் சிக்கினார்கள். 2025 மார்ச்சில்தான் அவர்களின் உரிமத்தைப் பறிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை நீதிபதிகளுக்குக் கிடைத்தது.

அரிசோனாவில் இன்னும் விசித்திரம். டிஎச்சி உடலில் சிதைந்தபின் மிஞ்சும், போதையே தராத ஒரு கழிவுப் பொருள் வாரக்கணக்கில் தங்கும். அது ரத்தத்தில் இருந்ததையே குற்றமாக எடுத்து வழக்குப் போட்டார்கள். 2014-இல் மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது.

ஒற்றைக் காலில் நில்

ரத்தம் சொல்லாததை உடல் சொல்லுமா? அமெரிக்கக் காவலர்களிடம் பழைய சோதனை ஒன்று உண்டு. குதிகாலும் கால்விரலும் தொடும்படி ஒன்பது காலடி நேர்கோட்டில் வைத்துப் போய்த் திரும்ப வேண்டும். 30 நொடி ஒரு காலைத் தூக்கி நிற்க வேண்டும். 1970-களில் மது அருந்தியவர்களைப் பிடிக்க வடித்தெடுத்தவை இவை.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். 184 பேர். ஒரு பகுதியினருக்கு டிஎச்சி உள்ள சுருட்டு, மற்றவர்களுக்கு டிஎச்சி நீக்கிய போலிச் சுருட்டு. யாருக்கு எது என்பது சோதிக்கும் காவல் அதிகாரிகளுக்குத் தெரியாது. பயிற்சி பெற்ற அதிகாரிகள், கஞ்சா பிடித்தவர்களில் 81 விழுக்காட்டினர் போதையில் இருப்பதாகச் சரியாகக் கண்டுபிடித்தார்கள். போலிச் சுருட்டுக்காரர்களிலோ 49 விழுக்காட்டினரைப் போதையில் இருப்பதாகச் சொன்னார்கள். முடிவுகள் 2023-இல் வெளியாயின. இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு 30 நொடி ஒற்றைக் காலில் நின்று பாருங்கள், அந்த 49 ஏன் என்று புரியும்.

அப்படியானால் ஆபத்தே இல்லையா?

அளக்க முடியவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. கஞ்சா ஆதரவாளர்கள் இந்த இரண்டையும் அடிக்கடி குழப்புகிறார்கள். தெரியாமல் குழப்புகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை.

கஞ்சா பிடித்தவர் குடித்தவர் மாதிரி ஆக்சிலேட்டரை மிதிப்பதில்லை. மெதுவாகப் போகிறார், முன்வண்டிக்கு இடைவெளி விடுகிறார். தன் தடுமாற்றத்தை ஈடுகட்டப் பார்க்கிறார். ஆனால் காரைத் தன் தடத்துக்குள் நேராக வைத்திருப்பது அவர் கையில் இல்லை. இதைத் தடத்தள்ளாட்டம் என்று அழைப்போம். அயோவா பல்கலைக்கழகத்தின் கார் ஓட்டும் சிமுலேட்டரில் செய்த சோதனையில், ஓட்டும் நேரத்தில் ரத்தத்தில் 13 நானோகிராம் இருந்தபோது தள்ளாட்டம், மது வரம்பின் 80 மில்லிகிராமில் இருப்பவரின் தள்ளாட்டத்துக்கு இணையாக இருந்தது. ஓட்டும் நேரத்தில் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து ஊசி போட்டபோது அல்ல.

சான் டியாகோ குழுவின் இன்னொரு ஆய்வு 2022-இல் வந்தது. வழக்கமாகப் பிடிக்கும் 191 பேர் புகைத்துவிட்டு சிமுலேட்டரில் உட்கார்ந்தார்கள். அரை மணியிலும் ஒன்றரை மணியிலும் ஓட்டம் கெட்டிருந்தது. நாலரை மணி நேரத்தில் பெரும்பாலும் தேறிவிட்டார்கள். ஒன்றரை மணியில், ஓட்டம் தேறாத நிலையிலேயே, "இப்போது ஓட்டலாம்" என்ற தைரியம் பலருக்குத் திரும்பியிருந்தது. டிஎச்சி உள்ள சுருட்டைப் பிடித்தவர்களில் யார் மோசமாக ஓட்டினார் என்பதற்கும் யார் ரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்பதற்கும் தொடர்பே தென்படவில்லை.

கிராண்ட் ராபிட்ஸ் மாதிரி பெரிய ஆய்வும் நடந்திருக்கிறது. வர்ஜீனியா பீச் நகரில் விபத்தில் சிக்கிய மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டுநர்களையும் சிக்காத ஆறாயிரம் பேரையும் ஒப்பிட்டு 2015-இல் வெளியிட்டார்கள். டிஎச்சி உள்ளவர்களுக்கு விபத்து ஆபத்து 25 விழுக்காடு கூடுதல் போலத் தெரிந்தது. வயதையும் பாலினத்தையும் கணக்கில் எடுத்ததும் அந்தக் கூடுதல் மறைந்துபோனது. இளம் ஆண்கள்தான் அதிகம் கஞ்சா பிடிக்கிறார்கள், பிடிக்காமலும் அவர்கள்தான் அதிகம் மோதுகிறார்கள். ஆனால் இந்த ஆய்வு மணியையும் கோபியையும் ஒரே கூடையில் போட்டுவிட்டது. டிஎச்சி உள்ளவர் என்றால் நேற்றுப் பிடித்தவரும் உண்டு, இப்போது பிடித்தவரும் உண்டு. மணிகள் நிறைந்த கூடையில் கோபிகளின் ஆபத்து கரைந்துபோகும்.

எனக்குக் கொலராடோவின் வழி ஓரளவு நேர்மையாகப் படுகிறது. அங்கே 5 நானோகிராம் தாண்டினால் குற்றவாளி என்று சட்டம் முடிவு கட்டுவதில்லை. நடுவர் குழு அப்படி அனுமானிக்கலாம் என்கிறது. மணி தன் பதினாறு மணி நேரத்தை எடுத்துச் சொல்ல அங்கே இடம் உண்டு. 3 நானோகிராம் கோபியையும், கார் அலைந்த காணொளியைக் காட்டிக் கூண்டில் நிறுத்தலாம். வழக்கு நீளும், செலவு கூடும் என்பது உண்மைதான்.

வேனுக்குள் இரண்டு மூச்சு

குழாயைத் தேடுவதை யாரும் விட்டுவிடவில்லை. கொலராடோவின் போல்டர் நகரில் அமெரிக்கத் தேசிய அளவியல் நிறுவனத்தின் வேதியியலாளர்கள், கஞ்சா பிடிப்பவர்களின் வீட்டு வாசலுக்கே வேனை ஓட்டிக்கொண்டு போனார்கள். கூட்டாட்சிச் சட்டப்படி கஞ்சாவைக் கையாள அவர்களுக்கு அனுமதி இல்லை. எனவே பங்கேற்பவர்களே கடையில் வாங்கி, வீட்டுக்குள் பிடித்துவிட்டு, வேனுக்கு வந்து ஊதினார்கள். மூச்சில் ஆல்கஹால் வாயுவாக வருகிறது. டிஎச்சியோ நுரையீரலிலிருந்து தெறிக்கும் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகளில் ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்தத் துளிகளை வடிகட்டியில் பிடித்து ஆய்வகத்துக்கு எடுத்துப் போனார்கள்.

பிடிப்பதற்கு முந்தைய மூச்சும் பிந்தைய மூச்சும் பிரியவில்லை என்பதே 2023-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு. சிலருக்கு முந்தையதில்கூட டிஎச்சி அதிகம் இருந்தது. எனவே இப்போது அவர்கள் ஒரு மூச்சை நம்புவதில்லை. சிறிது இடைவெளி விட்டு இரண்டு மூச்சு எடுத்து, டிஎச்சி இறங்குகிறதா, அப்படியே நிற்கிறதா என்று பார்க்க நினைக்கிறார்கள். இறங்கினால் சற்றுமுன் பிடித்தவர், நின்றால் பழைய கசிவு. கோபியையும் மணியையும் பிரிக்க இது உதவக்கூடும். முதல் மூச்சுக்கும் இரண்டாவது மூச்சுக்கும் நடுவே ஓர் ஓட்டுநரைச் சாலையோரம் எவ்வளவு நேரம் உட்கார வைக்கலாம் என்பது வேதியியலாளர்கள் கையில் இல்லை.